இராணுவத்தில் திட்டம் வகுத்தவருக்கு வெளியே என்ன வேலை?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார்:

"மகன் அமெரிக்க இராணுவத்தில் கப்டன். காலாட்படையில் ஒரு கொம்பனிக்குப் பொறுப்பாக இருந்து முடித்துவிட்டான். இப்போது ஸ்ட்ராட்டஜிஸ்ட் (நீண்டகாலத் திட்டம் வகுப்பவர்) என்ற பிரிவுக்கு மாற விண்ணப்பிக்கப் போகிறானாம். முழுக்க மேசை வேலை என்கிறான். நாளைக்கு வெளியே வந்தால் இதை வைத்து எங்கே வேலை தேடுவது? கடைசியில் திருகோணமலைக்கே வந்து ஏதாவது செய்ய வேண்டும் என்றும் சொல்கிறான். பொறியியல் பிரிவுக்குப் போனால் கைத்தொழிலாவது மிஞ்சும் என்பது தாயாரின் கருத்து. லீவில் ஊருக்கு வருவதற்கே மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டியிருக்கிறது என்கிறான், அதுவும் எங்களுக்குப் பயமாக இருக்கிறது."

ஐயா, தம்பி மாறட்டும். ஆனால் அம்மா சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். பாலம் போட்ட பொறியியல் அதிகாரி பாலத்தைக் காட்டி வேலை கேட்கலாம். லொறிகளை ஓட்டுவித்த வழங்கல் அதிகாரியிடம் கணக்கு இருக்கும். திட்டம் வகுத்தவர் எழுதியதெல்லாம் இரகசிய அலுமாரிக்குள் இருக்கும், பாதித் திட்டங்கள் நடைமுறைக்கே வந்திருக்காது. "நான் எழுதிக் கொடுத்ததால் மேலதிகாரி என்ன முடிவெடுத்தார்" என்று சொல்ல முடிந்தவருக்கு வெளியே நல்ல கிராக்கி. அதைச் சொல்லத் தெரியாதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் திண்டாடுவார்.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்ப்போம். அமெரிக்கத் தரைப்படையில் இந்தப் பிரிவின் இலக்கம் 59. இதில் எடுத்த எடுப்பில் சேர முடியாது. வேறு பிரிவில் சில வருடம் வேலை பார்த்த பிறகுதான் விண்ணப்பித்து மாறலாம். மாறியவர்களுக்குப் பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் என்ற ஊரிலுள்ள இராணுவப் போர்க் கல்லூரியில் சில மாதப் பயிற்சி உண்டு. நிறைய வாசிப்பு, நிறைய எழுத்து, எழுதியதை எல்லோரும் சேர்ந்து கிழிப்பது. அப்புறம் பென்டகன், ஹவாயிலுள்ள இந்தோ-பசிபிக் கட்டளைத் தலைமையகம் போன்ற இடங்களில் நியமனம் கிடைக்கும்.

பல படைகளும் சேர்ந்த கூட்டுத் தலைமையகங்களில் மேசைகளுக்கு, அதாவது பிரிவுகளுக்கு, எண் உண்டு. ஆளணி 1, புலனாய்வு 2, நடவடிக்கை 3, வழங்கல் 4, திட்டம் 5, தொடர்பாடல் 6. மூன்றாம் மேசைக்கு இன்றும் நாளையும்தான் கவலை. ஐந்தாம் மேசை அடுத்த வருடத்தையும் அதற்கு அப்பாலும் யோசிக்கும். தம்பி பெரும்பாலும் ஐந்தாம் மேசையில்தான் இருப்பார்.

அங்கே கற்பதை நம் மாவட்டத்திலேயே வைத்துச் சொல்கிறேன். மகாவலி பெருகி வெருகல் பக்கம் வெள்ளத்தில் மூழ்குகிறது, வீதி அறுபடுகிறது என்று வையுங்கள். அமெரிக்கத் தரைப்படையின் திட்டமிடல் முறைக்கு ஏழு படிகள். பணியைப் பெறுவது முதல் படி. இரண்டாவது படியிலேயே, "உண்மையில் நம்மிடம் கேட்கப்படுவது என்ன?" என்று குடைவார்கள். சோறு அனுப்புவதா, ஆட்களை வெளியே எடுப்பதா? இரண்டுக்கும் வேண்டிய படகு வேறு, ஆள் வேறு. பிறகு இரண்டு மூன்று மாற்று வழிகளை வரைவார்கள்: மூதூரிலிருந்து படகில் போவது, வாகரைப் பக்கமிருந்து வீதியால் வருவது, ஹெலிகொப்டர். நாலாவது படிதான் இந்தத் தொழிலின் உயிர். ஒவ்வொரு வழியையும் மேசையில் வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். ஒருவர் நம் பக்கம், ஒருவர் மழையின் பக்கம். "இரவு 11 மணிக்குத் தண்ணீர் இன்னும் இரண்டடி ஏறுகிறது, இப்போது என்ன செய்வாய்?" "அரிசிக் களஞ்சியத்தின் திறப்பு யாரிடம்? அவர் வீடும் தண்ணீருக்குள் என்றால்?" இப்படிக் கேட்டுக் கேட்டுத் திட்டத்தை உடைப்பார்கள். உடையாமல் மிஞ்சியதை ஒப்பிட்டு, தளபதியிடம் கொடுத்து, அவர் தெரிவு செய்த வழியைக் கட்டளையாக எழுதுவார்கள்.

எந்த அரச கச்சேரிக் கூட்டத்திலும் தனியார் நிறுவனக் கூட்டத்திலும் அந்த நாலாவது படி நடப்பதை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். திட்டம் வாசிக்கப்படும், தலையாட்டப்படும், தேநீர் வரும். மரியாதை கெடாமல் "ஐயா, இது இந்த இடத்தில் உடையும்" என்று சொல்லத் தெரிந்த ஆள் வங்கிக்கும் வேண்டும், ஆஸ்பத்திரிக்கும் வேண்டும், துறைமுகத்துக்கும் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, இதை முன்னாள் அதிகாரிகளே கவனிப்பதில்லை. ஐந்தாம் மேசைக்காரருக்குக் கட்டளையிட ஆட்கள் கிடையாது. வெளிவிவகாரத் திணைக்களம், நேச நாட்டுப் படைகள், விமானப்படை என்று தன் சொல்லைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்களைப் பேசிப் பேசி ஒரு தாளில் ஒப்பவைக்க வேண்டும். சிவில் உத்தியோகம் முழுவதும் அப்படித்தான் ஓடுகிறது. கொம்பனித் தலைவராக 120 பேருக்கு உத்தரவு போட்டதைவிட இந்த அனுபவம் வெளியே அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

சுனாமிக்குப் பிந்திய வருடங்களில் இங்கே நிவாரண நிறுவனங்களுக்கு ஆள் தெரிவு செய்யும் குழுக்களில் நான் இருந்தேன். பல நாட்டு முன்னாள் அதிகாரிகளின் சுயவிபரக்கோவைகள் மேசைக்கு வரும். பெரும்பாலானவற்றில் ஒரு வரி இப்படி இருக்கும்: "கட்டளைத் தலைமையகத்தின் நீண்டகால மூலோபாய இலக்குகளை ஒருங்கிணைத்தேன்." இதை வாசித்து யாரும் யாரையும் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவதில்லை. அதே வேலையை இப்படி எழுதலாம்: "மூன்று நாட்டுப் படைகள் சேர்ந்த பேரிடர்ப் பயிற்சிக்கு மூன்று மாற்றுத் திட்டம் எழுதினேன். தளபதி இரண்டாவதை ஏற்றார். பயிற்சியின்போது துறைமுகம் மூடப்பட்டது. மாற்று இறங்குதுறை திட்டத்திலேயே இருந்ததால் வேலை நிற்கவில்லை." வாசிப்பவருக்கு உடனே ஒரு கேள்வி கேட்கத் தோன்றும். அது போதும், கூப்பிடுவார்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். இந்தப் பிரிவில் இருந்தவர்கள் பணம் சம்பாதித்துக் காட்ட வேண்டிய இடத்தில் வேலை செய்ததில்லை. இலாபம், நட்டம், வாடிக்கையாளர், விலை எல்லாம் புதிது. நேர்முகத்தில் மாட்டுவதும் அங்கேதான். ஆகவே இடையில் வரவு செலவோ வள ஒதுக்கீடோ சம்பந்தப்பட்ட ஒரு நியமனத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கருத்திட்ட முகாமைத்துவச் சான்றிதழ் ஒன்றும் எடுத்துவிட்டால், "நீ திட்டம் போடுகிறவன்தானே, செய்து முடிப்பாயா?" என்ற சந்தேகத்துக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

அமெரிக்காவில் வேலை என்றால் ஆலோசனை நிறுவனங்கள், பாதுகாப்புத் துறை ஒப்பந்த நிறுவனங்கள், மத்திய அரசு, மாநகரங்களின் அவசரநிலை அலுவலகங்கள் எல்லாம் இப்படிப்பட்டவர்களை எடுக்கின்றன. இரகசிய ஆவணங்களைப் பார்க்க அரசு தரும் உயர்நிலைப் பாதுகாப்பு அனுமதி இருப்பதே அங்கே ஒரு தகுதி. வெளியேறுவதற்கு ஒரு வருடம் முன்பே, அதாவது 365 நாளுக்குக் குறையாமல், மாறுகாலப் பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்பது அவர்களின் விதி. கடைசி 180 நாளுக்குள், கட்டளை அதிகாரி விட்டால், இராணுவச் சம்பளத்திலேயே ஒரு சிவில் நிறுவனத்தில் பயிலுநராக இருக்கலாம். அதன் பெயர் ஸ்கில்பிரிட்ஜ். 36 மாதம் வரை படிப்புச் செலவு தரும் ஜிஐ பில் உதவியும் உண்டு. இதெல்லாம் தம்பிக்குத் தெரிந்தே இருக்கும்.

திருகோணமலையில் ஸ்ட்ராட்டஜிஸ்ட் தேவை என்று யாரும் விளம்பரம் போடப் போவதில்லை. வேலை மட்டும் வேறு பெயர்களில் கிடக்கிறது. சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளை எடுங்கள். 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி 14 தாங்கிகள் இந்தியன் ஒயிலின் துணை நிறுவனமான லங்கா ஐஓசியிடம், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், 61 தாங்கிகள் இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திடம். வெள்ளைக்காரன் கட்டியதை மூன்று கைகள் பிரித்து வைத்திருக்கும் இடத்தில், எதை எப்போது சீர்செய்வது, தீப்பிடித்தால் யார் முதலில் ஓடுவது என்று ஒரு தாளில் ஒப்பவைப்பது ஐந்தாம் மேசை வேலையேதான். துறைமுகம், பிறீமா மாவு ஆலை, டோக்கியோ சீமெந்து, 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அனர்த்த முகாமைத்துவ நிலையம் ஆகியவற்றிலும் இதே சாயலில் வேலைகள் உண்டு. சம்பளத்தை அமெரிக்க டொலரோடு ஒப்பிட்டால் தூக்கம் வராது, அது வேறு கதை.

ஒரு சட்டச் சிக்கலை மறக்க வேண்டாம். அமெரிக்க இராணுவ ஓய்வூதியம் பெறுகிறவர் வெளிநாட்டு அரசிடம் வேலை செய்வதற்கு முன் அங்கே அனுமதி பெற வேண்டும். கூட்டுத்தாபனம், துறைமுக அதிகாரசபை போன்றவை அரசுடையவை என்பதால் இந்தக் கேள்வி கட்டாயம் எழும். தனியார் நிறுவனம் என்றால் அந்தச் சிக்கல் குறைவு. வேலைக் கடிதம் வந்த பிறகு ஓடாமல் முன்கூட்டியே விசாரிக்கட்டும்.

இனி லீவு விஷயம். பயப்பட ஒன்றுமில்லை. பாதுகாப்பு அனுமதி உள்ள எல்லோரும் வெளிநாட்டுப் பயணத்தை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், தம்பி மேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை. வெளிநாட்டிலுள்ள உறவினர் விபரமும் கேட்பார்கள். உங்கள் இருவரின் பிறந்த திகதி, முகவரி கேட்டால் சரியாக எழுதிக் கொடுங்கள். ஆனால் பெற்றோர் பலர் அறியாமல் செய்யும் ஒரு காரியம் உண்டு, பிள்ளைக்குச் சொல்லாமல் காணியை அவர் பெயருக்கு மாற்றப் பார்ப்பது. அவருடைய உயர்நிலை அனுமதிக்கு வெளிநாட்டுச் சொத்து அறிவிக்க வேண்டிய விடயம். இங்கேயும், இரட்டைக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டவருக்குக் காணி எழுதுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது; நெருங்கிய உரித்தாளருக்கு நன்கொடையாகக் கொடுப்பது போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதென்றாலும் முதலில் தன் படைப்பிரிவின் பாதுகாப்பு அதிகாரியிடம் பேசிவிட்டே செய்ய வேண்டும். ஆகவே உவர்மலைக் காணி பற்றி ஏதாவது யோசனை இருந்தால், நொத்தாரிசிடம் போவதற்கு முன் தம்பிக்கு ஒரு கோல் எடுங்கள்.