போர்ச்ல கறை படாம மோட்டோர் எண்ணெய் மாத்துறது எப்படி?

கேள்வி: அண்ணே, என்கிட்ட பழைய ஹோண்டா ஈஎக்ஸ்5 மோட்டோர்சைக்கிள் இருக்கு. பெங்கெல் போகாம வீட்டு போர்ச்லயே அடியில பேசின் வச்சு நானே எண்ணெய் மாத்துறேன், ஆனா ஒவ்வொரு தடவையும் டைல்ல கறை, கையெல்லாம் கருப்பு, அம்மா ரெண்டு நாளைக்கு முகம் கொடுத்துப் பேசுறதில்ல. என்ன செய்யலாம்?
- வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தம்பி, முதல்ல அந்தப் பேசினை மாத்துங்க. 5 கிலோ சமையல் எண்ணெய் தோங் வீட்டுல காலியானா தூக்கிப் போடாதீங்க, மூடிய இறுக்கி மூடி, படுக்க வச்சு, மேல்பக்கத்த மட்டும் கத்தியால வெட்டி எடுத்து, உள்ள ஒட்டியிருக்குற சமையல் எண்ணெயத் துடைச்சீங்கன்னா அதுதான் உங்க தட்டு, வேலை முடிஞ்சதும் மூடியத் திறந்து அந்த வாய் வழியாவே போத்தல்ல ஊத்திடலாம், ஒரு சொட்டு சிந்தாது. பேசின்ல இருந்து போத்தலுக்கு ஊத்தும்போதுதான் பாதிப் பேருக்கு டைல் நாசமாகுது.

டபுள் ஸ்டாண்ட் போட்டு, அடியில பிளாஸ்டிக், அதுக்கு மேல அட்டைப் பெட்டி விரிங்க. வெறும் நியூஸ்பேப்பர் பத்தாது, ஊறி இறங்கிடும். இஞ்சின மூணு நிமிஷம் ஓட விட்டு நிறுத்துங்க, எண்ணெய் இளகி நல்லா வடியும், ரொம்ப சூடாக்கிட்டா கை வெந்துடும். இஞ்சின் அடியில எண்ணெய் வடியுற நட்டை 17 நம்பர் ஸ்பானரால லூஸ் பண்ணிட்டு மிச்சத்த கையாலதான் திருப்பணும், திருப்பும்போது நட்டை மேல அழுத்தியே வச்சிருங்க, கடைசி மரை விட்டதும் சட்டுன்னு பக்கவாட்டுல இழுத்துடுங்க. கையுறை கட்டாயம் போடுங்க, பழைய எண்ணெய் திரும்பத் திரும்ப தோல்ல படக்கூடாது.

இன்னொண்ணு, உங்க டைல் கறை மாத்துற அன்னிக்கு வந்ததுதானான்னு பாருங்க. அந்த நட்டோட பழைய வாஷரையே திரும்பப் போட்டா ராத்திரி ராத்திரியா சொட்டும். வாஷர் சில காசுதான், புதுசு போடுங்க, ஆனா நட்டை முரட்டுத்தனமா முறுக்காதீங்க, இஞ்சின் அலுமினியம், மரை போயிடும். புது எண்ணெய் 0.7 லிட்டர்தான், போத்தல்ல இருக்குன்னு முழுசா கவுத்துடாதீங்க. ஊத்தும்போது போத்தல் வாய் மேல்பக்கமா இருக்குற மாதிரி சாய்ச்சுப் பிடிங்க, காத்து உள்ள போறதால குபுக்குன்னு கொட்டாது.

அப்படியும் சிந்திடுச்சா, தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, பரவிடும். சோப்புத்தூளோ மணலோ தூவி ஊற விட்டுக் கூட்டி அள்ளிட்டு, அப்புறமா பாத்திரம் கழுவுற சோப்பு போட்டுத் தேய்ங்க. கைக்கு அதே சோப்புல கொஞ்சம் சீனி கலந்து, தண்ணி படுறதுக்கு முன்னாடி தேய்ச்சா நகக்கண் கருப்பு வரைக்கும் போயிடும்.

கேள்வி: அண்ணே, எங்க வீட்டுக்காரர் பழைய எண்ணெய லோங்காங்ல ஊத்திடுறாரு. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாரு.
- வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: விடாதீங்க தங்கச்சி, நீங்க சொல்றதுதான் சரி. உங்க பக்கத்துத் தண்ணி ஆயர் ஈத்தாம் ஆத்துல சேந்து சுங்கை பினாங்கு வழியா கடலுக்குத்தான் போகுது, அந்தக் கடல் மீனத்தான் பாசார்ல வாங்கிச் சமைக்கிறோம். 2005-ஆம் வருஷத்து அட்டவணைக் கழிவு (ஆபத்தான கழிவு) விதிகள்ல பழைய இஞ்சின் எண்ணெய்க்கு எஸ்டபிள்யூ 305-னு தனி நம்பரே இருக்கு. புது எண்ணெய் வந்த போத்தல்லயே அடைச்சு, தெரிஞ்ச பெங்கெல்ல கேட்டு அவங்க டிரம்ல ஊத்திட்டு வரச் சொல்லுங்க. சமையல் எண்ணெயோ தண்ணியோ அதுல கலந்துடக் கூடாது, கலந்தா வாங்கிக்க மாட்டாங்க.