சுருதிப்பெட்டி: இந்துஸ்தான் பாட்டும் நம்ம ஊர்க் கேள்விகளும்

(இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்திப் பாட்டைப் பற்றியே. மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்துக் கல்யாண மேடைகளிலும் கோயில் திருவிழாக்களிலும் ஆர்மோனியம் வாசித்து, பிறகு கீபோர்டுக்கு மாறியவன் நான். பதில்களும் வாத்தியக்காரன் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலிருந்துதான் வரும்.)

ஐயா, ‘நாகின்’ படத்தில் வருவது நிஜ மகுடிதானே? பாம்பாட்டியையே கூப்பிட்டு வாசிக்க வைத்தார்கள் என்று என் வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதைச் சொன்னால் பேரன் சிரிக்கிறான்.
– ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி, சுங்கை சிப்புட்

பேரனைச் சிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், அம்மா. உங்கள் வீட்டுக்காரரைப் போல நம்பியவர்கள் ஊர் ஊருக்கு இருந்தார்கள். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில் அந்தச் சத்தம் கேட்டதும் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் அது மகுடி இல்லை. 1954-ல் வந்த அந்தப் படத்துக்கு இசை ஹேமந்த் குமார். திரையில் ஆடியவர் நம்ம திருவல்லிக்கேணிப் பெண் வைஜெயந்திமாலா, பாடியவர் லதா மங்கேஷ்கர். ‘மன் டோலே மேரா தன் டோலே’ பாட்டில் நம்மைப் படமெடுக்க வைக்கும் அந்த ஒலி கிளேவயலின் என்ற கருவியிலிருந்து வந்தது. பெயரைப் பார்த்து வயலின் என்று நினைக்காதீர்கள். கம்பியும் கிடையாது, வில்லும் கிடையாது. வால்வு ரேடியோவில் இருக்குமே, அதே மாதிரி வால்வு போட்ட சின்ன மின்சாரக் கட்டைப்பெட்டி அது. வாசித்தவர் கல்யாண்ஜி. கூட ஆர்மோனியத்தில் ரவி. இரண்டு பேரும் அப்போது ஹேமந்த் குமாரிடம் வேலை பார்த்தவர்கள். கல்யாண்ஜி பிறகு தம்பியோடு சேர்ந்து கல்யாண்ஜி–ஆனந்த்ஜி ஆனார். ரவியும் தனியாக இசையமைத்தார், பிற்காலத்தில் மலையாளத்தில் பாம்பே ரவி என்ற பெயரில் கொடிகட்டிப் பறந்தார்.

கிளேவயலினில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். சூட்சுமமே அங்கேதான். நிஜப் பாம்பாட்டி கன்னத்தில் காற்றைத் தேக்கி மூச்சு அறாமல் ஊதுவான், அதனால் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் சந்தே இருக்காது. இப்போதைய கீபோர்டில் இதை வாசிக்கும் பிள்ளைகள் ஒரு கட்டையிலிருந்து விரலை எடுத்துவிட்டு அடுத்ததை அமுக்குகிறார்கள். அங்கேயே பாம்பு செத்துவிடும். முதலில் ஒற்றைச் சுரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய கட்டை கீழே இருக்கும்போதே அடுத்த கட்டையை அமுக்க வேண்டும். சத்தம் வழுக்கிக்கொண்டு போகும். மகுடியில் குழல் இரண்டு, அதில் ஒன்று ஆதார சுருதியை விடாமல் பிடித்திருக்கும். மேடையில் அந்த வேலையை என் இடது கை ஆர்மோனியத்தில் செய்யும்.

சரியாக வாசித்தீர்களா என்பதற்குச் சோதனை சுலபம். கல்யாண மண்டபத்தில் யாராவது ஒரு சித்தப்பா கைக்குட்டையை வாயில் கடித்துக்கொண்டு தரையில் புரள வேண்டும். புரளவில்லை என்றால் வாசித்தவன் மேல்தான் தப்பு.

அண்ணே, ‘பில்லா’வில் வரும் ‘வெத்தலையப் போட்டேன்டி’ இந்தியிலிருந்து அடித்த காப்பி என்கிறான் என் நண்பன். உண்மையா? பத்து வெள்ளி பந்தயம்.
– லாரி ஓட்டுநர், பீடோர்

பத்து வெள்ளியை வாங்கிப் பையில் போடுங்கள், தம்பி. 1978-ல் வந்த ‘டான்’ தான் 1980-ல் தமிழில் ‘பில்லா’ ஆனது. கதையும் வெற்றிலை போட்டு ஆடும் கட்டமும் அங்கிருந்து வந்தவை. மெட்டு எம்.எஸ்.வி.யின் சொந்த மெட்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், உங்களுக்கே தெரியும்.

இந்தியில் அது ‘கைக்கே பான் பனாரஸ்வாலா’. கல்யாண்ஜி–ஆனந்த்ஜி இசை, எழுதியவர் அஞ்சான். அவரே காசிக்காரர் என்பதால் காசி வெற்றிலையைப் பற்றி எழுத ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. கிஷோர் குமாருக்கு ஃபிலிம்ஃபேர் விருது வாங்கிக் கொடுத்த பாட்டு. வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு பாடுகிற மாதிரி சொற்கள் எச்சிலோடு உருளும்.

தமிழில் பாடியவர் யார் என்று உங்கள் நண்பனுக்குத் தெரியுமா? நம்ம மலேசியா வாசுதேவன். இந்த மண்ணில் 1944-ல் பிறந்து, இங்கே நாடகம் போட்டு, பிறகு சென்னைக்குப் போன மனிதர். கிஷோரைப் போலவே பாட வேண்டும் என்று அவர் முயலவே இல்லை. திருவிழாக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்த ஆள் மாதிரி நெஞ்சைத் திறந்து பாடினார். எனக்குக் கேட்டால் தாளத்தின் மேல் உட்காருவதில் வாசுதேவன் ஒரு படி மேலே என்பேன். இந்திக்காரர்கள் சண்டைக்கு வரட்டும்.

2006-ல் ஷாருக் கான் ‘டான்’ எடுக்கக் கோலாலம்பூருக்கே வந்தார். அடுத்த வருடம் அஜித் ‘பில்லா’ எடுக்க இங்கே வந்தார், பத்துமலையில் பாட்டும் எடுத்தார்கள். அந்தப் படத்தில் யுவன் ‘வெத்தலையப் போட்டேன்டி’யைத் திரும்பவும் போட்டார்.

வணக்கம் ஐயா. என் அலுவலகத்தில் மலாய்த் தோழிகள் ‘குச் குச் ஹோத்தா ஹை’ பாடிவிட்டு, “நீ இந்தியர்தானே, அர்த்தம் சொல்லு” என்கிறார்கள். எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. அவமானமாக இருக்கிறது.
– எழுத்தர், தைப்பிங்

இதில் என்னம்மா அவமானம்? நீங்களே அவர்களிடம் கேளுங்கள். ஆர்டிஎம் டிவியில் இந்திப் படம் போட்டால் கீழே மலாய் எழுத்து ஓடும். அதைப் படித்துப் படித்து அந்தப் பெண்களின் அம்மாமார் ஒவ்வொரு வரிக்கும் பொருள் வைத்திருப்பார்கள். தோட்டத்து லயத்தில் வளர்ந்த நாம் பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டோம், அவர்கள் வசனத்தையும் பிடித்துக்கொண்டார்கள். என் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) 1998-லிருந்து அந்தப் படத்துக்கு அழுகிறார், இன்னும் நிறுத்தியபாடில்லை.

ஒரு தகவல் தருகிறேன், அவர்களிடம் போய்ச் சொல்லி மதிப்பைச் சம்பாதியுங்கள். அந்தப் பாட்டை எழுதியவர் சமீர், ஜதின்–லலித் இசை. முன் பதிலில் வெற்றிலைப் பாட்டு எழுதிய அஞ்சான் என்று சொன்னேனே, சமீர் அவருடைய மகன். அந்தப் படத்துக்கு முதலில் எழுத வேண்டியவர் ஜாவேத் அக்தர். படத்தின் தலைப்பு மலிவாக இருப்பதாகச் சொல்லி விலகிக்கொண்டார். பிறகு அதற்காக வருந்தியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்லுங்கள். மலாய்ப் பட நட்சத்திரம் பி. ரம்லி, மலாய் வீரன் ஹங் துவாவாக நடித்து இசையும் அமைத்த 1956 படத்தை இயக்கியவர் பணி மஜும்தார் என்ற வங்காளி. அவர் அதற்கு முன்னால் கல்கத்தாவில் நியூ தியேட்டர்ஸில் இருந்தவர். 1938-ல் பாடகர் சைகலை வைத்து ‘ஸ்ட்ரீட் சிங்கர்’ எடுத்தார். அதில் ‘பாபுல் மோரா’ பாட்டை ஸ்டூடியோவில் பதிவு செய்து வாயசைக்காமல், சைகல் நடந்துகொண்டே பாட, மைக் கேமராவுக்குள் விழாமல் கூடவே நகர, நேரடியாகப் பிடித்தார்கள். அதை எடுத்த மனிதர்தான் சிங்கப்பூருக்கு வந்து ரம்லியை இயக்கினார். மலாய்ப் படப் பாட்டில் இந்துஸ்தான் வாசனை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், சிங்கப்பூரில் ஸ்டூடியோ நடத்திய ஷா சகோதரர்கள் கப்பலேற்றிக் கூட்டிவந்த இந்திய இயக்குநர்களின் பட்டியலை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

‘படோசன்’ படத்தில் மெஹமூத் குடுமி வைத்துக்கொண்டு தமிழ்ப் பாட்டு வாத்தியாரைக் கேலி செய்கிறார். அதைப் போய் ரசிக்கலாமா?
– தமிழாசிரியை, கோலகங்சார்

எனக்கும் அந்தக் குடுமி பிடிக்காது, டீச்சர். பாட்டு பிடிக்கும். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள என்னால் முடிகிறது.

1968-ல் வந்த அந்தப் படத்தின் கதை நமக்குப் புதிதில்லை. ஒரே வங்காளக் கதையிலிருந்து முளைத்ததுதான் 1960-ல் வந்த நம்ம ‘அடுத்த வீட்டுப் பெண்’ணும். டி.ஆர். ராமச்சந்திரன் வாயசைக்க, தங்கவேலு மறைந்திருந்து பாடுவாரே, அதே கூத்துதான். இந்தியில் அந்த இடத்தில் சுனில் தத்தும் கிஷோர் குமாரும். ‘ஏக் சதுர் நார்’ பாட்டில் கிஷோரோடு மோதுபவர் மன்னா டே, மெஹமூதுக்காக. நிஜத்தில் முறையாகச் சங்கீதம் கற்றவர் மன்னா டே, கற்காதவர் கிஷோர். கதைப்படி கற்றவர் தோற்க வேண்டும். சுதியும் லயமும் பிசகாமல் தோற்றுக் காட்டியிருக்கிறார் பாருங்கள், அதற்கே எழுந்து நின்று கும்பிட வேண்டும்.

அதே படத்தில் ‘மேரே சாம்னே வாலி கிட்கி மே’ பாட்டில் கர் கர் என்று ஒரு சத்தம் வரும். ஆர்.டி. பர்மன் சீப்பைச் சொரசொரப்பான இடத்தில் தேய்த்து எடுத்தது என்பார்கள். ‘யாதோன் கி பாராத்’தில் (நமக்கு அது எம்.ஜி.ஆரின் ‘நாளை நமதே’) ‘சுரா லியா’ தொடங்கும்போது கேட்கும் கிணிங் சத்தம், கண்ணாடியைக் கரண்டியால் தட்டியது. சமையலறையில் கை வைத்தால் பர்மனுக்கு எல்லாமே வாத்தியம்.

இந்திக்காரர்கள் எல்லாம் நம் இசையமைப்பாளர்களிடமிருந்து எடுத்தவர்களே. ஒத்துக்கொள்கிறீர்களா?
– வாசகர், கூலிம்

ஒத்துக்கொள்ளவில்லை. போக்குவரத்து இரு பக்கமும் உண்டு. ‘மிஸ்ஸியம்மா’வின் ‘பிருந்தாவனமும் நந்தகுமாரனும்’ மெட்டு ‘மிஸ் மேரி’ வழியாக வடக்கே போனது. ராஜ் கபூரின் ‘ஆஹ்’ ‘அவன்’ ஆகி, கம்பதாசன் வரிகளில் ஏ.எம். ராஜாவும் ஜிக்கியும் பாட இங்கே வந்தது. ‘மூன்றாம் பிறை’யின் ‘கண்ணே கலைமானே’ ‘சத்மா’ படத்தோடு இந்திக்குப் போனபோதும் யேசுதாஸ்தான் பாடினார். அதே ‘சத்மா’வுக்காக குல்சாரின் வரிகளுக்கு இளையராஜா போட்ட ‘ஏ ஜிந்தகி கலே லகா லே’, மறு வருடம் ‘தம்பிக்கு எந்த ஊரு’வில் ‘என் வாழ்விலே’ ஆகித் திரும்பியது. சொந்தக்காரரே எடுத்துக்கொண்டு வந்ததற்கு யாரைப் பிடித்து உள்ளே வைப்பது?

லதா மங்கேஷ்கர் தமிழில் ‘வளையோசை’ மட்டும்தான் பாடினாரா?
– மாணவி, பாகான் செராய்

இல்லை. ‘உரன் கடோலா’ தமிழில் ‘வானரதம்’ ஆனபோதே, 1956-ல், பாடிவிட்டார். ‘ஆனந்த்’ படத்தில் ‘ஆராரோ’ 1987-ல். ‘வளையோசை’ அதற்கு அடுத்த வருடம்.

அப்பாவின் பெட்டியில் ‘ஷோலே’ வசன கேசட் கிடைத்தது. பாட்டே இல்லை, முழுக்கப் பேச்சு. இது நிஜமா, யாராவது வீட்டில் பதிவு செய்ததா? நாடாவில் வெள்ளையாகப் பூசணம் வேறு.
– செம்பனைத் தோட்ட மேற்பார்வையாளர், தெலுக் இந்தான்

நிஜம்தான். 1975-ல் படம் வந்தபோது பாட்டு ரிக்கார்டுகள் எதிர்பார்த்த அளவு போகவில்லை. ஜனங்கள் கொட்டகையை விட்டு வசனத்தைச் சொல்லிக்கொண்டே வெளியே வருவதைக் கவனித்த பாலிடார், வசனத்தையே ரிக்கார்டாகப் போட்டது. சக்கைப்போடு போட்டது. வில்லன் கப்பர் சிங்கின் குரல் டீக்கடை டீக்கடையாக ஒலித்தது.

பூசணம் பிடித்ததை அப்படியே பிளேயரில் போடாதீர்கள். நாடாவைப் படிக்கும் தலை கெட்டுவிடும், அடுத்த கேசட்டுக்கும் பூசணம் ஒட்டும். வெயிலில் காய வைக்கவும் வேண்டாம், நாடா வளையும். கூட்டில் ஐந்து திருகாணி இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், கழற்றலாம். ஒட்டிய கூடு என்றால் மெல்லிய கத்தியால் விளிம்பைப் பிளந்து, உருளைகளை எடுத்துத் திருகாணி உள்ள வேறு கூட்டுக்கு மாற்றுங்கள். ஃபார்மசியில் ஐசோபுரோபில் ஆல்கஹால் கிடைக்கும். பஞ்சு படாத துணியை லேசாக நனைத்து, பென்சிலால் உருளையைச் சுற்றிக்கொண்டே நாடாவை அதற்குள் ஓட விடுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் நாடா நீண்டு, கப்பர் சிங் குடித்தவன் மாதிரிப் பேசுவார். நாடாவுக்குப் பின்னால் செம்புத் தகட்டில் ஒட்டிய குட்டிப் பஞ்சு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது விழுந்திருந்தால் சத்தம் உள்ளே போய் உள்ளே போய் வரும். நல்லபடி ஓடியதும் கணினியில் ஏற்றிவிட்டு, கேசட்டை அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள்.

மகள் கல்யாணத்துக்கு டிஜே வைத்திருக்கிறோம். இரண்டு இந்திப் பாட்டாவது வேண்டும் என்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டார். எது போடலாம், எது கூடாது?
– பெண்ணின் அம்மா, ஈப்போ

கூடாததை முதலில் சொல்கிறேன். இதில்தான் மண்டபத்துக்கு மண்டபம் கோட்டை விடுகிறார்கள். ‘சன்னா மேரேயா’வை டிஜே பிள்ளைகள் மாப்பிள்ளை நுழையும்போது போடுகிறார்கள். 2016-ல் வந்த ‘ஏ தில் ஹை முஷ்கில்’ படத்தில், காதலித்த பெண் வேறொருவனைக் கட்டிக்கொள்ளும் வீட்டில் நின்று நாயகன் பாடுவது அது. மெட்டு இனிக்கிறதே என்று போட்டுவிட்டு, படம் பார்த்த உறவுக்காரர் ஒருவர் மணமேடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் நான் பொறுப்பில்லை. ‘பாபுல் கி துவாயேன் லேத்தி ஜா’ பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது அப்பா பாடுவது. ரஃபி குரல், நாகினில் ஆர்மோனியம் வாசித்த அதே ரவியின் இசை. பெண் கிளம்பும் நேரத்துக்கு அதைவிடப் பொருத்தமான பாட்டு கிடையாது. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் போட்டுவிடாதீர்கள், பெண்ணின் அப்பா இலையில் உட்கார மாட்டார்.

மாலை மாற்றி முடிந்ததும் ‘மேரே சப்னோன் கி ராணி’ போடுங்கள். எல்லா வயதுக்காரரும் கை தட்டுவார்கள். ஆட்டத்துக்கு ‘சைய்யா சைய்யா’. நீலகிரி ரயில் மேல் ஏறி ஆடியது, ரஹ்மான் இசை, இரண்டு வீட்டாருக்கும் சொந்தம். பாட்டு எந்த நேரத்துக்கு என்பதைத் தாளில் எழுதி டிஜே கையில் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவான்.