நல்ல இணைய இணைப்பு இருந்தும் ஃபயர்ஃபாக்ஸில் பக்கங்கள் தடங்கித் தடங்கி நகர்வது ஏன்?

திருகோணமலையில் பழைய மடிக்கணினியொன்றில் லினக்ஸ் பாவிக்கும் தங்களுக்கு, நிலாவெளி விடுதியொன்றின் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும்போது மட்டும் படங்கள் தடங்குவதாகக் கேட்டிருக்கிறீர்கள். நானும் இவ்வூரில் இத்தகைய கணினியையே பாவிப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பக்கம் முழுவதும் இறங்கிய பின்னர் நிகழும் தடக்கத்துக்கு இணைப்பு காரணமல்ல. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரைக்கு, ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கனுக்கு ஒரு புதிய படச்சட்டம் தேவை. அதற்குள் உலாவிப் பொறி (பக்கத்தின் நிரலைத் திரைக்காட்சியாக மாற்றும் உலாவியின் உட்பகுதி), மாறியவற்றுக்கேற்பப் பக்கத்தின் ஒவ்வொரு பகுதியும் அடங்கும் பெட்டிகளின் அளவையும் இடத்தையும் கணக்கிட்டு, நிறந்தீட்டி, தனித்தனியே வரைந்த அடுக்குகளை ஒன்றுசேர்த்துத் திரைக்கு அனுப்ப வேண்டும். நேரம் தவறினால் பழைய சட்டமே மீண்டும் காட்டப்படும்; அதுவே தடக்கமாகத் தெரிகிறது.

முதலில் பார்க்கவேண்டியது, வரைகலைச் செயலி (திரைக்காட்சியை வரைவதற்கென உள்ள செயலி, GPU) உண்மையில் பயன்படுகிறதா என்பதே. ஃபயர்ஃபாக்ஸின் உதவிப் பட்டியல் வழியே சிக்கல் தீர்க்கும் தகவல்களுக்குச் சென்று, கிராஃபிக்ஸ் பகுதியில் அடுக்குகளை ஒன்றுசேர்க்கும் முறையைக் காட்டும் கம்போசிட்டிங் என்ற வரியைப் பாருங்கள். சேர்வோ என்ற சோதனை உலாவிப் பொறித் திட்டத்தில் ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டு, 2019இல் ஃபயர்ஃபாக்ஸ் 67 உடன் பயனர்களைச் சென்றடையத் தொடங்கிய வெப்ரெண்டர், பக்கத்தை வரையும் வேலையை வரைகலைச் செயலியிடம் ஒப்படைப்பதற்காகவே உருவானது. அந்த வரியில் வெப்ரெண்டருடன் 'சாஃப்ட்வேர்' என்ற சொல்லும் இருந்தால், வரைகலைச் செயலியை இயக்கும் மென்பொருளான இயக்கி பழையதாகவோ, ஃபயர்ஃபாக்ஸ் தவிர்க்கும் இயக்கிகளின் தடைப்பட்டியலில் உள்ளதாகவோ இருக்கக்கூடும். அவ்வேளையில் முழுச் சுமையும் மையச் செயலியின் மேல் விழுகிறது. லினக்ஸுக்கான வரைகலை இயக்கிகளைக் கொண்ட மெசா தொகுப்பைப் புதுப்பித்த பிறகு அதே வரியை மறுபடியும் பாருங்கள்.

அந்த விடுதிப் பக்கத்திலும் குறை இருக்கிறது. குரோமுக்கு அடிப்படையான குரோமியம் உலாவியின் நிரலாளர் கருவியில், மீண்டும் நிறந்தீட்டப்படும் பகுதிகளைப் பச்சையாகக் காட்டும் வசதியைப் போட்டு அப்பக்கத்தைப் பார்த்தேன். கீழே நகர்த்தியதும் மேலுள்ள தலைப்புப் பட்டை மெல்ல மெல்லச் சுருங்குகிறது. அதன் உயரத்தையே மாற்றி அசைவூட்டியிருப்பதால் கீழுள்ள அனைத்தும் ஒவ்வொரு சட்டத்திலும் இடம்மாறி, புறாத்தீவுப் படங்கள் உட்பட முழுத் திரையும் பச்சையாகிறது. உயரத்துக்குப் பதிலாக டிரான்ஸ்ஃபார்ம் என்ற சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழி) பண்பால் பட்டையை நகர்த்தியிருந்தால், அடுக்குகளை ஒன்றுசேர்க்கும் இறுதிக் கட்டம் மட்டுமே போதுமானது. அதற்காக ஒவ்வொரு படத்தையும் தனி அடுக்காக்குவதும் தீர்வாகாது: 1366×768 திரையை நிரப்பும் ஓர் அடுக்குக்கே சுமார் 4 மெகாபைட் நினைவகம் வேண்டும், பழைய மடிக்கணினிகள் பலவற்றில் வரைகலைச் செயலி எடுப்பதும் பிரதான நினைவகத்திலிருந்துதான்.

உலாவியை மாற்றிப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பார்க்கலாம், ஆனால் முதல் வேலையாக அதைச் செய்யவேண்டாம் என்பதே என் கருத்து. குரோமியம் ஸ்கியா என்ற வரைதல் நூலகத்தால் (ஆயத்த நிரல் தொகுப்பு) வரைகிறது; லினக்ஸ் உலாவிகள் சில பயன்படுத்தும் வெப்கிட்ஜிடிகே என்ற பொறியும் 2024இல் வெளிவந்த 2.46 பதிப்பில் கைரோ என்ற பழைய வரைதல் நூலகத்தை விட்டு ஸ்கியாவுக்கு மாறிவிட்டது. எந்தப் பொறியானாலும் அடியிலிருப்பது அதே இயக்கிதான்.

இயக்கி சரியாகியும் எளிய பக்கங்களில்கூடத் தடக்கம் தொடர்ந்தால், உலாவியின் நேரம் எதில் செலவாகிறதெனக் காட்டும் ஃபயர்ஃபாக்ஸ் புரொஃபைலரில் அந்த நகர்வைப் பதிவுசெய்து, கிராஃபிக்ஸ் பகுதியின் விவரங்களோடு ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் வழு முறையீட்டுத் தளமான பக்ஸில்லாவில் முறையிடுங்கள். நம்மிடமுள்ள பழைய வன்பொருள் அந்த நிரலை எழுதுவோரின் மேசையில் இருக்கும் என எதிர்பார்க்க முடியாது. ஆகவே நீங்கள் அனுப்பும் பதிவுக்கு உண்மையான மதிப்புண்டு.