உங்கள் கார்ட்ரிட்ஜை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறோம். வீட்டில் ஹெச்பி டெஸ்க்ஜெட் 2135 பிரிண்டர். பிள்ளைகளின் பள்ளி வேலைக்கு மாதம் 40 பக்கம் எடுத்தால் அதிகம். 680 கார்ட்ரிட்ஜில் கறுப்பு மங்குகிறது. சேலத்தில் ஒரு கடையில் பழையதை வாங்கிக்கொண்டு, ‘கம்பேட்டிபிள்’ (ஹெச்பியுடையது அல்லாத மாற்று கார்ட்ரிட்ஜ்) தருகிறேன் என்கிறார்கள். இன்னொரு கடையில் ரீஃபில் செய்தால் போதும் என்கிறார்கள். எதைக் கேட்பது?

ரீஃபில் செய்யுங்கள். ஆனால் உங்கள் கார்ட்ரிட்ஜிலேயே நிரப்பி, அதையே திரும்ப வாங்கி வாருங்கள்.

680 வெறும் மை டப்பா இல்லை. அச்சடிக்கிற தலையும் அதன் அடியிலேயே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத துளைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் மையைச் சூடாக்கித் தள்ளும் ஒரு குட்டி ஹீட்டர். அந்தத் தலையைச் சின்னப் பட்டறையில் செய்ய முடியாது. அதனால் இந்த மாடலுக்குக் கம்பேட்டிபிள் என்று வருவது பெரும்பாலும் யாரோ பயன்படுத்திப் போட்டதைக் கழுவி, நிரப்பி, புது லேபிள் ஒட்டியதுதான். அது எத்தனை முறை நிரப்பப்பட்டது, எத்தனை மாதம் காய்ந்து கிடந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது.

காலி கார்ட்ரிட்ஜுக்கு விலை இருக்கிறது. அட்டைப்பெட்டியோடு கொடுத்தால் இன்னும் கூடுதலாகத் தருவார்கள், அங்கேதான் ஏமாற்று தொடங்குகிறது. அதே பெட்டியில் போட்டு ‘ஒரிஜினல்’ என்று விற்கும் இடைத்தரகர்களை நான் பார்த்திருக்கிறேன். பெட்டியைக் கிழித்துப் போடுங்கள். கார்ட்ரிட்ஜின் லேபிளில் மார்க்கரால் ஒரு குறி வையுங்கள். “வைத்துவிட்டுப் போங்கள், சாயங்காலம் வாருங்கள்” என்றால் வேண்டாம். பக்கத்திலேயே நின்று நிரப்பி, ஒரு பக்கம் அச்சடித்துப் பார்த்து, உங்கள் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கறுப்புக்கு பிக்மென்ட் மைதானா (தண்ணீரில் கரையாத நிறத்துகள் கலந்தது) என்றும் கேளுங்கள். கலர் மையைப் போன்ற டை (சாய) மையை ஊற்றினால் எழுத்து தண்ணீர் பட்டதும் கரையும்.

மங்கத் தொடங்கியதும் அச்சடிப்பதை நிறுத்திவிடுங்கள். மை இல்லாமல் ஓட்டினால் ஹீட்டர் கருகிவிடும், அப்புறம் எந்த ரீஃபிலும் உதவாது.

நிரப்பிய பிறகு ‘மை தீர்ந்தது’, ‘பயன்படுத்திய கார்ட்ரிட்ஜ்’ என்றெல்லாம் கணினியில் எச்சரிக்கை வரும். ஓகே கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள். ஒன்றை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். இந்த பிரிண்டர்களில் ‘கார்ட்ரிட்ஜ் புரொடெக்‌ஷன்’ என்று ஒரு அமைப்பு உண்டு. அது இயங்கும் வீட்டில் ஒரு கார்ட்ரிட்ஜைப் போட்டால் அது அந்த பிரிண்டருக்கே பூட்டிக்கொள்ளும், வேறு பிரிண்டரில் ஓடாது. அமைப்பை அணைத்தாலும் ஏற்கெனவே பூட்டியது திறக்காது. உங்களுடையதை உங்கள் பிரிண்டரிலேயே திரும்பப் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. மாற்றி வாங்கி வந்தது அடுத்தவர் வீட்டில் பூட்டிக்கொண்டதாக இருந்தால், மை நிறைய இருந்தும் குப்பைதான். கடைக்காரர் “உங்கள் பிரிண்டர் கோளாறு” என்பார். கம்பெனிக்காரர்கள் பிரிண்டரை மலிவாக விற்றுவிட்டு மையில் காசு பார்க்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் பூட்டு எதற்கு? எத்தனை வருடமானாலும் என்னால் இதை ஏற்க முடியவில்லை.

கம்பெனி கணக்கில் 680 கறுப்பு 480 பக்கம் வரும். உங்களுக்கு அது ஒரு வருடம். அதற்குள் மை தீர்வதைவிட துளை காய்ந்துபோவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். வாரம் ஒரு கலர் பக்கமாவது எடுங்கள். சுவரில் இருக்கும் சுவிட்சில் அணைக்காமல் பிரிண்டரின் பட்டனில் அணையுங்கள். அப்போதுதான் கார்ட்ரிட்ஜ் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும்.

கடையில் முழுக்க நிரப்பச் சொல்லாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போகும்போது காற்றழுத்தம் குறையும், உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளலாம். கொஞ்சம் குறைவாக நிரப்பி, துளைப் பக்கம் டிஷ்யூ வைத்து, ஜிப் கவரில் நிமிர்த்தி வைத்து எடுத்துப் போங்கள்.