இயர் நைன் மகளும் டி ஆஃப் ஈ படிவமும்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். கோயம்புத்தூரிலிருந்து இங்கிலாந்தின் ரெடிங்குக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது, மகள் இயர் நைனில் (13-14 வயதுப் பிள்ளைகளின் வகுப்பு) படிக்கிறாள், பள்ளியிலிருந்து டியூக் ஆஃப் எடின்பரோ விருதுக்கான (சுருக்கமாக டி ஆஃப் ஈ) படிவம் வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படிப்பு கெடுமா, பெண்பிள்ளையை வெளியே கூடாரத்தில் இரவு தங்க விடலாமா, செலவு எவ்வளவு, பிற்பாடு மருத்துவப் படிப்புக்கு இது உதவுமா என்று கேட்கிறீர்கள். நாங்கள் இந்த ஊருக்கு வந்து 19 வருடம் ஆகிறது. இது பிள்ளைகள் தொண்டு, உடற்பயிற்சி, நடைப்பயணம் என்று செய்து முடித்து வாங்கும் விருது, வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலை. என் மகள் மூன்றையும் முடித்தாள், மகன் வெண்கலத்தோடு நிறுத்திக்கொண்டான். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் மருத்துவப் படிப்பை மனதில் வைத்து அனுப்பாதீர்கள்.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறோம். இங்கே பல்கலைக்கழக விண்ணப்பத்தில், தேர்ச்சியை வைத்துக் கணக்கிடும் யூகாஸ் புள்ளி என்று ஒன்று உண்டு. இந்த விருதுக்கு அந்தப் புள்ளி கிடையாது, தங்கம் வாங்கினாலும் கிடையாது. விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரையில் சொல்லிக்கொள்ள நாலு நல்ல விஷயம் கிடைக்கும், அவ்வளவுதான். முதியோர் இல்லத்தில் ஆறு மாதம் போய்வந்த பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரி நேர்காணலில் சொந்தமாகப் பேச ஏதாவது இருக்கும். அங்கே எடுபடுவது அந்த அனுபவம். சான்றிதழைப் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள்.

இந்தத் திட்டம் 1956-இல் தொடங்கியது. தொடங்கியவர் அரசி எலிசபெத்தின் கணவர் பிலிப், அப்போதைய எடின்பரோ கோமகன் (டியூக்). அவர் ஸ்காட்லாந்தில் படித்த பள்ளியை நடத்தியவர் குர்ட் ஹான், நாஜிகளுக்குத் தப்பி ஜெர்மனியிலிருந்து வந்த ஆசிரியர். யோசனைக்கு வித்து அவருடையது. 1953-இல் டென்சிங்கும் ஹில்லாரியும் எவரெஸ்டில் ஏறினார்களே, அந்தக் குழுவின் தலைவர் ஜான் ஹண்ட்தான் இதன் முதல் இயக்குநர். ஆரம்பத்தில் பையன்களுக்கு மட்டும் இருந்தது, 1958-இல் பெண்பிள்ளைகளுக்கும் வந்தது. இன்று 130-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது.

வெண்கலத்தில் நான்கு பிரிவு: தொண்டு, உடற்பயிற்சி, திறன், நடைப்பயணம். முதல் மூன்றும் தலா மூன்று மாதம், அவற்றில் பிள்ளையே தேர்ந்தெடுக்கும் ஒன்றை இன்னும் மூன்று மாதம் நீட்டிக்க வேண்டும். ஆகக் குறைந்தது ஆறு மாதம். ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்குச் சராசரி ஒரு மணி நேரம். இதனால் படிப்பு கெடாது. வெள்ளி வேறு விஷயம். அது ஜிசிஎஸ்இ (16 வயதில் எழுதும் பொதுத்தேர்வு) படிக்கிற வருடங்களில் வந்து விழும், என் மகள் அப்போது திணறித்தான் போனாள். வெண்கலத்தை முடித்துவிட்டு வெள்ளியைத் தாண்டி, 16 வயதுக்குப் பிறகு நேராகத் தங்கத்துக்குப் போகவும் வழி இருக்கிறது. ஒரு பிரிவைக் கூடுதலாக ஆறு மாதம் செய்ய வேண்டும், அவ்வளவுதான். இப்போது முடிவெடுக்க வேண்டியதில்லை.

உங்கள் மகள் பரதநாட்டியம் ஆடுவாள் என்று எழுதியிருந்தீர்கள். நடனம் உடற்பயிற்சிப் பிரிவில் சேரும். வீணையோ மிருதங்கமோ கற்றுக்கொண்டால் அது திறன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்புக் குழந்தைகளுக்கு 'அ ஆ' எழுதக் கைபிடித்துக் கொடுத்தால் அது தொண்டு. புதிதாக எதையும் தேடி அலைய வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: இவற்றைப் பார்த்து அறிக்கை எழுதித் தருபவர் குடும்பத்து ஆளாக இருக்கக் கூடாது. நீங்களே வீட்டில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாலும் நீங்கள் எழுதித் தர முடியாது.

அந்த அறிக்கையில்தான் நாங்கள் அடிபட்டோம். என் மகன் தொண்டுப் பிரிவுக்காக, நன்கொடைப் பொருட்களை விற்கும் ஓர் அறக்கட்டளைக் கடையில் மூன்று மாதம், ஞாயிறு தவறாமல் துணி மடித்து அடுக்கினான். 14 வயதுப் பிள்ளையை நிறைய இடங்களில் எடுக்கவே மாட்டார்கள், நாலைந்து இடம் கேட்டு அலைந்து அந்தக் கடை கிடைத்தது. முடிந்ததும் அறிக்கை கேட்டால், நிர்வாகி அடுத்த வாரம் என்றார், அதற்கடுத்த வாரம் என்றார், அப்புறம் வேலையை விட்டே போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு என் மகனைத் தெரியாது. மறுபடி முதலிலிருந்து மூன்று மாதம். அன்று அவன் அழுததை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டமாக இருக்கிறது. கடைசி வாரத்தன்று அங்கே நிற்கும்போதே அறிக்கையை எழுதி வாங்கிவிடச் சொல்லுங்கள். தேதியையும் செய்த வேலையையும் அவளே வாராவாரம் குறித்துவைக்கட்டும், நீங்கள் குறிக்காதீர்கள். இது அவளுடைய காரியம் என்பது முதல் மாதத்திலேயே அவளுக்குப் பழகிவிட வேண்டும்.

இனி நடைப்பயணம். வெண்கலத்துக்கு இரண்டு பகல், ஓர் இரவு. அதற்கு முன் ஒத்திகைப் பயணம் ஒன்று நடக்கும். நான்கு முதல் ஏழு பேர் ஒரு குழு. வரைபடம், திசைகாட்டி இரண்டையும் வைத்து அவர்களே வழி கண்டுபிடித்து நடக்க வேண்டும். முதுகுச் சுமையில் உணவு, கூடாரம், அடுப்பு எல்லாம் இருக்கும். பெரியவர்கள் அவர்களோடு சேர்ந்து நடக்க மாட்டார்கள், ஆனால் விட்டுவிடவும் மாட்டார்கள். வழியில் குறித்த இடங்களில் காத்திருந்து பார்ப்பார்கள், இரவில் பக்கத்திலேயே இருப்பார்கள். என் மகளின் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குத் தனிக் கூடாரம். உங்கள் பள்ளியிலும் எப்படி என்று பெற்றோர் கூட்டத்தில் நேராகக் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அந்த முதல் இரவு நான் தூங்கவில்லை என்பது உண்மை. என் மகள் போன சில்டர்ன்ஸ் குன்றுகள் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார் தூரம்தான், ஆனாலும் தூங்கவில்லை.

தங்கத்துக்கு என் மகள் இங்கிலாந்தின் வடமேற்கு மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்ட் போனாள், நான்கு பகல், மூன்று இரவு. இரண்டாம் நாள் மழையும் மூடுபனியும். தப்பான பாதையில் இறங்கி இரண்டு மணி நேரம் போய்விட்டார்கள். "வழி தெரியவில்லை என்று ஆறு பேருக்குமே தோன்றியிருக்கிறது அம்மா, முதலில் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை" என்று வந்து சொன்னாள். அன்றிலிருந்து அவள் தெரியாததைத் தெரியாது என்று உடனே சொல்லிவிடுவாள்.

உங்கள் மகளை அனுப்புங்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் வேறு ஒரு பிள்ளை. என் மகனின் குழுவில், கேரளாவிலிருந்து வந்து நான்கு மாதமே ஆன பையன் ஒருவன் இருந்தான். வகுப்பில் வாயே திறக்க மாட்டானாம், அவன் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்களாம். வரைபடத்தில் உயரக்கோடுகளைப் பார்த்த உடனே மேடு எது, பள்ளம் எது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. முதல் நாள் மதியத்துக்குள் குழுவே அவன் கையைப் பார்த்து நடந்திருக்கிறது. ஈரக் காலுறையோடு ஆறு பேர் ஒரு மேட்டில் ஏறும்போது யாருடைய உச்சரிப்பும் யாருக்கும் பெரிதாகத் தெரிவதில்லை. ஏழு மாதமாகத் தனியாகச் சாப்பிடுகிறாள் என்று உங்கள் மகளைப் பற்றிக் கடைசி வரியில் எழுதியிருந்தீர்களே, அந்த வரியைப் படித்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சாப்பாடு: அவர்களே சூடாகச் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்பது விதி, கட்டுச்சோறு மட்டும் போதாது. அந்தச் சின்ன ஸ்பிரிட் அடுப்பில் அரிசி வேக நேரமாகும், எரிபொருளும் தீரும். நான் ரவையை நன்றாக வறுத்து, கடுகு, கறிவேப்பிலை, முந்திரி தாளித்துக் கலந்து உப்போடு பையில் கட்டிக் கொடுப்பேன். தண்ணீர் கொதித்ததும் கொட்டிக் கிளறி மூடினால் ஐந்து நிமிடத்தில் உப்புமா. சைவம் என்றால் பள்ளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஒரே அடுப்பில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து சமைப்பார்கள்.

செலவு பள்ளிக்குப் பள்ளி மாறும். பதிவுக் கட்டணம் ஒன்று, நடைப்பயணத்துக்குத் தனியாக ஒன்று. கையைக் கடித்தால் பள்ளியில் தயங்காமல் சொல்லுங்கள். பட்டியலைப் பார்த்ததும் கடைக்கு ஓடாதீர்கள். கூடாரம், அடுப்பு, பெரிய முதுகுப்பை எல்லாம் பெரும்பாலும் பள்ளியே இரவல் தரும். பதிவு செய்தவர்களுக்கு ஒரு தள்ளுபடி அட்டையும் உண்டு, கோ அவுட்டோர்ஸ் போன்ற கடைகளில் செல்லும். காசு கொடுத்து வாங்க வேண்டியது நல்ல நடைக்காலணியும் மழைக்கோட்டும்தான். காலணியை ஒரு மாதம் முன்பே வாங்கி, பள்ளிக்கும் கடைக்கும் போட்டு நடந்து பழக்கட்டும், இல்லாவிட்டால் முதல் நாளே குதிகால் கொப்பளித்துவிடும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது.

என் மகளின் தூக்கப்பையும் தரைவிரிப்பும் பரணில் சும்மா கிடக்கின்றன. துவைத்து வெயில் காட்டி வைக்கிறேன். நடைப்பயணத் தேதி தெரிந்ததும் எழுதுங்கள், ஒரு மாலை மகளையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். கூடாரம் அடிப்பது எப்படி என்று என் மகன் தோட்டத்தில் காட்டித் தருவான்.