எலும்பு வளர்ச்சிப் புரதத்தைத் தசையில் வைத்தால் அங்கே எலும்பு உருவாகுமா?

உருவாகும். 1965இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், சுண்ணச்சத்து நீக்கிய எலும்புத் துண்டுகளை முயல் போன்ற விலங்குகளின் தசைக்குள் வைத்துப் பார்த்தார். சில வாரங்களில் அங்கே புது எலும்பு இருந்தது. இதைச் செய்த புரதங்களைத்தான் எலும்பு வளர்ச்சிப் புரதம், ஆங்கிலச் சுருக்கமாக பி.எம்.பி. (bone morphogenetic protein) என்கிறார்கள்.

தசையிலும் என்னவாக மாறுவது என்று இன்னும் முடிவாகாத செல்கள் உண்டு. இந்தப் புரதம் அவற்றின் மேல்பரப்பில் ஒட்டியதும் அவை முதலில் குருத்தெலும்பாகின்றன; அப்புறம் அந்த இடத்தை எலும்பு பிடித்துக்கொள்கிறது. கட்டட வேலைக்கு ஆட்கள் தயாராக நிற்க, மேஸ்திரி குரல் கொடுத்ததும் வேலை தொடங்குகிற மாதிரி.

குரல் அதிகமானால் வம்பு. முதுகெலும்பை இணைக்கும் அறுவை சிகிச்சையில் கொலாஜன் என்ற புரதத்தால் ஆன பஞ்சை பி.எம்.பி.யில் நனைத்து வைப்பார்கள். கழுத்துப் பகுதியில் வைத்த சிலருக்கு வீக்கம் மூச்சுக்குழாயையே அழுத்தியது. 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. எலும்பில் நல்லது செய்வது பக்கத்துத் திசுவிலும் அப்படியே நடந்துகொள்ளும் என்று நம்ப முடியாது.

சரி, கால்சியம் மாத்திரையோ புரோட்டீன் பவுடரோ இதே வேலையைச் செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். செய்யாது. கால்சியம் கட்டடத்துக்கான பொருள்தான், மேஸ்திரி இல்லை; சாப்பிடும் புரதமோ வயிற்றிலும் குடலிலும் செரித்து உடைந்துவிடும்.