கேன்சர் மாத்திரைக்கு இன்சூரன்ஸ்: லிஸ்டைத் தேடாதீர்கள், தலைப்பைப் பாருங்கள்

கேள்வி: கடலூர் ஓ.டி.யில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். 2022 மார்ச்சில் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் ஹெல்த் பாலிசி எடுத்தேன். போன ஆகஸ்டில் என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து, புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. அதற்கு 2,70,000 ரூபாய் கேஷ்லெஸ்ஸாகக் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 29 டிஸ்சார்ஜ். அக்டோபர் 6 முதல் அபெமாசிக்லிப் என்ற மாத்திரை. மாதம் 37,200 ரூபாய், இரண்டு வருடம் சாப்பிட வேண்டுமாம். பிப்ரவரி வரை ஐந்து மாதத்துக்கு 1,86,000 ஆகிவிட்டது. கிளெய்ம் போட்டால், 'வீட்டில் சாப்பிடும் மாத்திரை, புறநோயாளி சிகிச்சை, கவர் இல்லை' என்று கடிதம் வந்தது. ஏஜென்ட், 'அந்த மாத்திரை லிஸ்டில் இல்லை சார்' என்கிறார், இப்போது போனையே எடுப்பதில்லை. டிபிஏ (கம்பெனிக்காக கிளெய்ம்களைக் கவனிக்கும் ஏஜென்சி) ஆபீஸில் மரியாதையே இல்லாமல் பேசினார்கள். மேலிடத்துக்கு எழுதிய பிறகு 90,000 தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு வவுச்சர் அனுப்பினார்கள். பிச்சையா போடுகிறார்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். தெரிந்த ஒருவர், 'மாதம் ஒருநாள் அட்மிஷன் போட்ட மாதிரி பேப்பர் வாங்கிக்கலாம்' என்கிறார். ஹைகோர்ட்டில் கேஸ் போடலாமா? அல்லது மார்ச் ரினியூவலில் இந்த கம்பெனியையே விட்டுவிடலாமா? (2021-ல் ஒரு முறை கட்டி மாதிரி இருக்கிறதென்று மேமோகிராம் எடுத்தோம். சாதாரணம்தான் என்றார்கள். அதனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரி, பாலிசி எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன்.)

பதில்: ஏஜென்ட் போன் எடுக்காததும், டிபிஏவில் மரியாதை குறைந்ததும் உங்களுக்குப் பெரிய விஷயமாக இருக்கலாம். வக்கீலாகச் சொல்கிறேன், வழக்குக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. அவற்றை மனுவில் இரண்டு பக்கம் எழுதினால், உண்மையான விஷயம் மூன்றாம் பக்கத்தில் போய் ஒளிந்துகொள்ளும். ஹைகோர்ட்டையும் மறந்துவிடுங்கள், இது ரிட் போடும் விஷயம் இல்லை.

முதலில் அந்த லிஸ்ட். இன்னின்ன மருந்துக்குத்தான் பணம் என்று பட்டியல் வைத்திருப்பது ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு), சிஜிஹெச்எஸ் (மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம்) போன்ற இடங்களில். உங்களுடையது போன்ற சாதாரண பாலிசியில் மருந்துப் பட்டியலே கிடையாது. ஏஜென்ட் காட்டியது பாலிசியின் கடைசியில் இருக்கும் இணைப்பு. கையுறை, டயப்பர், பெல்ட் என்று 68 பொருட்களுக்குப் பணம் இல்லை என்று சொல்லும் பட்டியல் அது. உங்கள் மாத்திரை அதில் இல்லை. இல்லாமல் இருப்பதுதான் உங்களுக்கு நல்லது.

நீங்கள் பார்க்க வேண்டியது, உங்கள் கிளெய்ம் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்பதை. எல்லா ரசீதுகளையும் 'டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு' என்று ஒரே கட்டாகக் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் பாலிசியில் அதற்கு 60 நாள்தான். ஆகஸ்ட் 29-லிருந்து எண்ணினால் அக்டோபர் 28-ல் முடிகிறது. ஆகவே அக்டோபர் 6 ரசீதான 37,200 மட்டும் அதில் உட்காரும். அதை அவர்கள் மறுத்தது தவறு, அதில் பேச்சே இல்லை. மீதி நான்கு மாதம், 1,48,800 ரூபாய், வேறு தலைப்பில் போயிருக்க வேண்டும். பாலிசியின் 'நவீன சிகிச்சைகள்' பகுதியைத் திருப்புங்கள். 2019 செப்டம்பரில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ பன்னிரண்டு சிகிச்சைகளை ஒதுக்கி வைக்கக் கூடாது என்று விதித்தது. 2020 அக்டோபர் முதல் பழைய பாலிசிகளுக்கும் அது வந்தது. ரோபோ ஆபரேஷன், கண்ணுக்குள் போடும் ஊசி என்று போகும் அந்த வரிசையில் வாய்வழி கீமோதெரபியும் உண்டு. ஆனால் ஒரு சிகிச்சைக்கு இவ்வளவுதான் என்று கம்பெனி உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாம். உங்கள் அட்டவணையில் வாய்வழி கீமோவுக்கு ஆண்டுக்கு 1,00,000 ரூபாய் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய போட்டோவிலேயே தெரிகிறது.

கணக்கைப் பாருங்கள். முழுதாக ஜெயித்தாலும் உங்களுக்கு வருவது 37,200-உம் 1,00,000-உம் சேர்ந்து 1,37,200. அவர்கள் தருவதாகச் சொன்னது 90,000. ஆக, நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சண்டை போட நினைப்பது 1,86,000-க்கு அல்ல, 47,200-க்கு.

அந்த 47,200-உம் சுலபமாக வராது. அந்தப் பகுதியின் தலைப்பிலேயே 'உள்நோயாளியாக அல்லது மருத்துவமனையில் டே கேர் சிகிச்சையாக' (அதாவது, ஒரே நாளில் முடித்து வீட்டுக்கு அனுப்பும் சிகிச்சை) என்று ஒரு வாசகம் இருக்கிறது. கம்பெனி அதைப் பிடித்துக்கொள்ளும். வாய்வழி கீமோ என்று எழுதிவிட்டு, வீட்டில் விழுங்கினால் இல்லை என்றால் அந்தக் கவருக்கே அர்த்தம் இல்லையே என்று நாம் வாதாடலாம். தெளிவில்லாத வாசகத்தை அதை எழுதியவருக்கு எதிராகப் படிக்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட விதி. அடுத்ததாக, இது கீமோவே இல்லை, டார்கெட்டட் தெரபி (புற்றுநோய் செல்லின் குறிப்பிட்ட இலக்கை மட்டும் தாக்கும் மருந்து) என்பார்கள். அதற்கு உங்கள் ஆன்காலஜிஸ்டிடம் ஒரு சான்று வேண்டும். நல்ல வாதம்தான், நானே நம்பி எடுத்து வைப்பேன். ஆனால் உறுதி என்று உங்களிடம் சொல்லமாட்டேன்.

இப்போது உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்ட விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உங்கள் கடிதமே அதுதான்.

டிஸ்சார்ஜ் சம்மரியின் இரண்டாம் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். நோய் வரலாறு என்ற இடத்தில், 'வலது மார்பில் கட்டி, நான்கு ஆண்டுகளாக' என்று எழுதியிருக்கிறது. 2025 ஆகஸ்டிலிருந்து நான்கு ஆண்டு பின்னால் போனால் 2021. பாலிசி எடுத்தது 2022 மார்ச். புரிகிறதா? அட்மிஷன் அன்று டியூட்டி டாக்டர் கேட்டிருப்பார், கூட வந்த யாரோ 'நாலு வருஷம் முன்னாடியே ஒரு கட்டி இருந்துச்சு' என்று சொல்லியிருப்பார்கள், அவர் எழுதிவிட்டார். கேஷ்லெஸ் அவசரத்தில் கம்பெனி அதைக் கவனிக்கவில்லை. கவனித்தால் 1,37,200 பற்றிப் பேசமாட்டார்கள். பாலிசி எடுக்கும்போது நோயை மறைத்தீர்கள் என்று பாலிசியையே ரத்து செய்யப் பார்ப்பார்கள், ஆபரேஷனுக்குக் கொடுத்த 2,70,000-ஐயும் திருப்பிக் கேட்பார்கள். மெடிக்ளெய்ம் பாலிசியில் முக்கியமான உடல்நிலைத் தகவலை மறைத்தால் கம்பெனி மறுக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2009-லேயே, சத்வந்த் கௌர் சந்து வழக்கில், சொல்லியிருக்கிறது.

சின்ன கிளெய்முக்காகப் பெரிய சண்டைக்குப் போய், கம்பெனியின் விசாரணை ஆள் மருத்துவமனை ரெக்கார்டு ரூம் வரை போய், கேஸ் ஷீட்டைப் படியெடுத்து வந்து, இருந்ததும் போன கட்சிக்காரர்களை மஞ்சக்குப்பம் கோர்ட்டில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாத்திரைக் காசு கேட்கப் போய் பாலிசியை இழப்பதைவிடப் பெரிய நஷ்டம் கேன்சர் நோயாளிக்கு வேறில்லை. வேறு கம்பெனி இனிமேல் உங்கள் மனைவியைச் சேர்த்துக்கொள்வது மிகக் கஷ்டம்.

உங்கள் பக்கம் ஒன்றும் இல்லை என்று சொல்லவில்லை. 2021 மேமோகிராம் ரிப்போர்ட் சாதாரணம் என்றுதான் சொல்கிறது. அன்றைக்கு இருந்த கட்டிதான் இன்றைய நோய் என்று நிரூபிக்க வேண்டியது கம்பெனி. யார் சொல்லி யார் எழுதினார் என்று தெரியாத வரலாற்றுக் குறிப்பை மட்டும் வைத்து மறுத்ததை நுகர்வோர் ஆணையங்கள் பல தடவை ஏற்கவில்லை. ஆனால் பாலிசி உறையில் இருக்கும் விண்ணப்பப் படிவ நகலைப் பாருங்கள். 'கடந்த காலத்தில் ஏதாவது பரிசோதனை செய்துகொண்டதுண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக் போட்டிருந்தால் நம் வாதம் பாதி நொண்டி ஆகிவிடும். 'ஏஜென்ட்தான் பூர்த்தி செய்தார், நான் கையெழுத்து மட்டும் போட்டேன்' என்பதைத் தினமும் கேட்கிறேன். கையெழுத்து உங்களுடையது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் பலர் முட்டாள்தனம் செய்கிறார்கள். தெரிந்த கம்பவுண்டரைப் பிடித்து 'நான்கு ஆண்டுகள்' என்பதை 'நான்கு மாதங்கள்' என்று மாற்றி வாங்கிவிடுகிறார்கள். திருத்தாத பிரதி கேஷ்லெஸ் கொடுத்த நாளிலிருந்து டிபிஏ கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முடிந்தது கதை. எழுதியது உண்மையிலேயே தவறு என்றால், சிகிச்சை செய்த டாக்டரே, மேமோகிராம் ரிப்போர்ட்டைப் பார்த்து, இன்றைய தேதியிட்டு விளக்கச் சான்று தரட்டும். பழைய காகிதத்தில் யாரும் கை வைக்க வேண்டாம். கம்பெனி நேரடியாகக் கேட்டால் மேமோகிராம் எடுத்ததைச் சொல்லிவிடுங்கள், மழுப்பாதீர்கள்.

ஒருநாள் அட்மிஷன் பேப்பர் யோசனை சொன்ன நண்பரிடம் இனி இதைப் பற்றிப் பேசாதீர்கள். இன்றைக்கு உங்கள் மீது இருப்பது சந்தேகத்துக்கு இடமான ஒரு வரி மட்டும்தான். பொய் அட்மிஷன் போட்டால் அது மோசடி. இதில் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: பாலிசி தொடர்ந்து 60 மாதம் ஓடிவிட்டால், பழைய நோயை மறைத்தார்கள் என்று கம்பெனி கிளெய்மை மறுக்க முடியாது. முன்பு எட்டு ஆண்டாக இருந்ததை 2024-ல் ஐந்தாகக் குறைத்தார்கள். உங்களுக்கு அது 2027 மார்ச்சில் வருகிறது. ஆனால் நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கிட்டத்தட்டக் கைக்கு வந்துவிட்ட பாதுகாப்பை மாதம் ஒரு பொய்க் காகிதத்துக்காக விட்டுவிடாதீர்கள்.

'மறுப்புக் கடிதத்தில் புறநோயாளி என்றுதானே காரணம் சொன்னார்கள், இனி வேறு காரணம் சொல்ல முடியாதே' என்று சட்டம் தெரிந்த மச்சான் யாராவது சொல்வார். உண்மைதான், சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் (2019) சுப்ரீம் கோர்ட் அப்படித்தான் சொன்னது. ஆனால் அது இந்த ஒரு கிளெய்முக்கு. பாலிசியை ரத்து செய்யத் தனி நோட்டீஸ் அனுப்புவதை அது தடுக்காது. இந்தத் தீர்ப்பை நம்பி தைரியமாக இறங்கியவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள்.

சரி, என்ன செய்வது? சமாதானமாகப் போங்கள். 90,000-ஐ ஏற்கத் தயார் என்று சொல்லாதீர்கள். கோபமில்லாமல் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். அக்டோபர் ரசீது 60 நாளுக்குள் இருக்கிறது, மீதி வாய்வழி கீமோ தலைப்பில் வருகிறது, ஆன்காலஜிஸ்ட் சான்று இணைத்திருக்கிறேன், மொத்தம் 1,37,200 என்று மட்டும். கால்சியம், வைட்டமின் டி ரசீதுகளை எடுத்துவிடுங்கள். அவற்றைக் காட்டியே மொத்தக் கட்டையும் தள்ளிவைப்பார்கள். 1,10,000-க்கு மேல் எது வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றும் நகராமல் 90,000-லேயே நின்றாலும், நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாங்கிக்கொள்வேன்.

ஆனால் வவுச்சரை வரிக்கு வரி படியுங்கள். உங்களுக்கு அனுப்பிய வவுச்சரில் 'இந்த மருந்து தொடர்பான இப்போதைய மற்றும் எதிர்கால உரிமைகள் அனைத்தும்' என்று போட்டிருக்கிறது. அதில் கையெழுத்திட்டால், மார்ச்சுக்குப் பிறகு புது பாலிசி ஆண்டில் மறுபடி கிடைக்கக்கூடிய 1,00,000-ஐயும் அடுத்த ஆண்டுக்கானதையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தீர்கள் என்பார்கள். அழுத்தத்தில் கையெழுத்திட்டேன் என்று பிறகு நிரூபிப்பது லேசில்லை. 'குறிப்பிட்ட ரசீதுகளுக்கு மட்டும்' என்று திருத்தி, ரசீது எண்களைக் குறித்து அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் கோபத்தில் திருப்பி அனுப்பியது, காரணம் வேறாக இருந்தாலும், நல்லதாகப் போயிற்று.

அடுத்த ஆண்டுக்கு இப்போதே ஒரு வேலை. இந்த மாத்திரைக்கு அவ்வப்போது ரத்த எண்ணிக்கையும் கல்லீரல் பரிசோதனையும் பார்த்துத்தான் தொடர்வார்கள். அந்தப் பரிசோதனையையும் மாத்திரை வழங்குவதையும் உண்மையாகவே டே கேர் சிகிச்சையாக மருத்துவமனை செய்யுமா என்று கேளுங்கள். செய்யும் என்றால், அவர்கள் மூலமாகவே முன்அனுமதி கேட்டு, கம்பெனியின் பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் வராத சம்மதம் எதற்கும் உதவாது.

சமாதானம் முறிந்தால்தான் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மன் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி). தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அதுதான். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. எனக்கு வருமானம் இல்லாத யோசனை, ஆனாலும் சொல்கிறேன். கம்பெனியின் இறுதி மறுப்பிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். ஆத்திரத்தில் முதலில் கடலூர் நுகர்வோர் ஆணையத்தில் கேஸ் போட்டுவிட்டால் ஓம்பட்ஸ்மன் கதவு மூடிவிடும். ஐஆர்டிஏஐயின் புகார் தளமான பீமா பரோசாவில் புகார் போட்டுவிட்டு, அதற்குப் பதில் வரும் வரை காத்திருக்கிறேன் என்று உட்காராதீர்கள். நுகர்வோர் சட்டத்தின் இரண்டு ஆண்டுக் கெடு புகாருக்காக நிற்காது. இரண்டு இடத்திலும் கேஸ் ஷீட்டைக் கேட்பார்கள் என்பதை நினைவில் வைத்துத்தான் போக வேண்டும்.

கடைசியாக ரினியூவல். கம்பெனியை விடும் எண்ணத்தை இன்றே விடுங்கள். கிளெய்ம் அதிகம் வாங்கினீர்கள் என்று சொல்லி அவர்கள் புதுப்பிக்க மறுக்க முடியாது, ஆனால் நீங்களாக விட்டுவிட்டால் திரும்ப உள்ளே போவது மிகக் கஷ்டம். கெடு தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே பிரீமியத்தைக் கட்டி, ரசீதை எடுத்து வையுங்கள். ஏஜென்ட் கையில் பணமாகக் கொடுக்க வேண்டாம்.